நூல் கட்டிய பாட்டில்

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. கட்டிலின் மேல் ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு வெளிர் நீலச் சட்டையும் கிடந்தன. நுரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மதியச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே எரிவாயு நிறுவனத்து ஆட்கள்; நுரை, மீட்டர் என்பவை அங்கே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள். நுரை ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. மீட்டருக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அந்தப் பக்கம் வேலை வந்தால் சோற்று டப்பாவோடு இங்கே வந்துவிடுவார்.

"அண்ணே, சட்டை கிடக்கட்டும். அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"வியாழக்கிழமை ஆறு மணிக்கே கடையை மூடிடுவேன்னு சொன்னாங்க."

"சரி."

"எதிர்ல காபிக் கடையில அந்த நேரத்துல கூட்டம் இருக்காதுன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நாலு சட்டைக்கு டோக்கன் கொடுத்தாங்க."

மீட்டர் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டார். "அண்ணே, இது அழைப்பு."

"கடை நேரம் மாறினதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சரி, காபிக் கடையில கூட்டம் இல்லாததை எதுக்குச் சொல்லணும்?"

"பொதுவா சொல்லியிருக்கலாம்."

"பொதுவா சொல்றதுக்கு அவங்க என்ன ரேடியோவா? நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

நுரை சட்டையின் கையை நீவிவிட்டார். "சந்தோஷம்னு சொன்னேன்."

மீட்டருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச முடிந்தது. "ஆசை அறுபது நாள்னு சொல்லுவாங்க. உங்களுக்கு அறுபது வயசுக்கு மேலதாண்ணே ஆரம்பிக்குது. இதுக்குப் பேரு டேட்டிங். என் பேத்தி சொல்லிக் கொடுத்தா."

"உன் பேத்திக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு. நீலச் சட்டையைப் போடுங்க. முக்கியமா ஒண்ணு. வாசனையா போங்க. அவங்க சலவைக்கடைக்காரம்மா. மத்தவங்க முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுவாங்க, அவங்க காலரை மோந்து பார்த்துப் போடுவாங்க."

நுரை தலையை ஆட்டினார். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் மீட்டரிடம் எதுவும் கேட்க முடியாது.

அவருக்கு வாசனை தெரியாது. முப்பத்தொரு வயதில் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. நான்கு தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் நாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிப் புகை கண்ணில் எரியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி கீழே ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். பிறகு அவர் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள்.

மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அடிபட்ட வேகத்தில் அறுந்திருக்கும், இனி ஒட்டாது என்று மருத்துவர் சொன்னார். எரிவாயுக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவர் வேலை. அப்போதெல்லாம் இணைப்பருகே மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டுக் கசிவு இல்லை என்று கையெழுத்துப் போடுவார்கள். மூக்கு போனவனை நிறுவனம் வாசலில் காவலுக்கு உட்கார வைக்கும். அன்று மனைவி ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, பிள்ளைகளின் வர்ணத் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"கசிஞ்சா நுரை வரும். நுரையைப் பார்க்க மூக்கு எதுக்கு?"

அப்படித்தான் அவர் நுரை ஆனார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குனிந்து பார்ப்பார். குமிழி வரவில்லை என்றால் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து அதில் ஒரு முடிச்சுப் போடுவார். நூல் கட்டியது நல்லது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் அந்த வழக்கத்தைக் கற்றார்கள். ஓய்வு பெற்ற நாளில், மூக்கை நம்பாத ஒரே மனிதர் என்று மேலாளர் மேடையில் புகழ்ந்தார். கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

வீட்டில் அவருடைய மூக்கு அவள்தான். பால் கெட்டுவிட்டது என்பாள். இந்தச் சட்டையைக் கழற்றுங்கள் என்பாள். மூக்கு போன விஷயத்தை இருவரும் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் போய் மூன்று வருடம். அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றுக்கும் விதி வைத்துக்கொண்டார். பாலை வாங்கிய மறுநாளே கொட்டிவிடுவார். ஒரு சட்டையை ஒரு நாளுக்கு மேல் போடமாட்டார். துவைத்தது சுத்தமாகிவிட்டதா என்று தனக்குத் தெரியாது என்பதால் எல்லாத் துணியையும் சலவைக்கடையில் போடுவார்.

அங்கேதான் கடைக்காரம்மா. துணியை வாங்கியதும் காலரை மூக்கருகே கொண்டு போவது அவர் பழக்கம். எண்ணெயா, மருந்தா, வியர்வையா என்று தெரிந்தால்தான் எந்தத் தொட்டியில் போடுவது என்று முடிவு செய்ய முடியும். நுரையின் சட்டைகளை முகர்ந்துவிட்டு, "இதுல அழுக்கே இல்லையே சார். காசு அதிகமா இருந்தா சொல்லுங்க, என் கடைக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நுரை சில நாட்கள் போடாத சட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மீட்டர் போனதும் குளியலறைக் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் இரண்டு சிறிய பாட்டில்கள் இருந்தன. கல்யாண வீடுகளுக்குப் போகும்போது மனைவி அதில் ஒன்றை எடுத்து அவர் காலரில் தொட்டு வைப்பாள். இன்னொன்று அவளுடையது. ஒரே கடையில் வாங்கியவை. ஒரே அளவு, ஒரே மூடி. ஈரத்தில் காகிதங்கள் என்றைக்கோ உரிந்துவிட்டன. ஒரு பாட்டிலின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அவருடைய பையிலிருந்து எடுத்த நூல்தான்.

நூல் கட்டியது நல்லது. அவருக்குப் புரியட்டும் என்றுதானே அவர் நூலையே எடுத்துக் கட்டியிருக்கிறாள்? நூல் கட்டியதை எடுத்து வெளியே வைத்தார். போன பிறகும் வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே என்று நினைத்துப் பாட்டிலைத் துண்டால் துடைத்தார். இந்தக் காரியத்துக்கா என்று உடனே கூச்சமாக இருந்தது.

மறுநாள் நீலச் சட்டை. காலரில் இரண்டு சொட்டு.

கடைக்காரம்மா முன்னதாகவே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடையில் எப்போதும் போட்டிருக்கும் ரப்பர் முன்னங்கி இல்லாமல் அவரைப் பார்ப்பது வேறு யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. கூந்தலைப் பின்னால் முடிந்து சீப்புக் குத்தியிருந்தார். கைகள் மட்டும் அதே கைகள். வெந்நீரில் வெளுத்து, விரல் நுனிகளில் சுருக்கம் விழுந்தவை.

"வந்துட்டீங்களா? வர மாட்டீங்கன்னு நினைச்சேன். சந்தோஷம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனீங்க. எது சந்தோஷம், கடையைச் சீக்கிரம் மூடுறதான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

நுரைக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மேடம் என்றால் அலுவலகம் போல இருக்கும். அம்மா என்றால் வந்த காரியமே கெட்டுவிடும். பெயர் சொல்ல நாக்கு எழவில்லை. "ஏங்க" என்று ஆரம்பித்தார்.

"ஏங்கன்னு பொம்பளைங்கதான் கூப்பிடுவாங்க. முதல் நாளே என்னை வீட்டுக்காரர் ஆக்கிட்டீங்களே!"

இருவரும் சிரித்தார்கள். காபி வந்தது. நுரைக்குச் சூடும் கசப்பும் தெரிந்தன. நன்றாக இருக்கிறது என்றார். சர்க்கரைக் கிண்ணம் அவர் பக்கம் இருந்தது. கடைக்காரம்மா அதை எடுக்க எட்டிக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே ஒரு கணம் நின்றார். கடையில் காலரைப் பார்க்கும்போது செய்வதுபோல மூக்கு லேசாகச் சுருங்கியது. சர்க்கரை எடுக்காமலே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நேரா வீட்டுலேர்ந்தா வர்றீங்க?"

"ஆமா. நேரா வீட்டுலேர்ந்துதான்."

"பொண்ணு வந்திருக்காங்களா?"

"அது ஞாயித்துக்கிழமைதான் வரும்."

"வேற விருந்தாளி யாராவது?"

"யாரும் இல்லையே. நான் தனிக்கட்டை."

கடைக்காரம்மா சர்க்கரை போடாத காபியைக் கலக்கினார். வெகுநேரம் கலக்கினார். பிறகு, கேட்காமலே தன் கதையைச் சொன்னார். இருபது வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் சட்டையை ஊற வைக்கும்போதுதான் எல்லாம் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியாது. பேச்சிலும் தெரியாது. "கேட்டா, நேரா ஆபீஸ்லேர்ந்துதான் வர்றேன்னு சொல்லுவார். கண்ணைப் பார்த்துச் சொல்லுவார். ஆனா காலர் பொய் சொல்லாது."

"அநியாயம்" என்றார் நுரை. உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது.

கடைக்காரம்மா அவரை ஏதோ விடுகதையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார்.

அந்த 'பார்க்கலாம்' என்ன என்று நுரைக்கு விளங்கவில்லை. மீட்டரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"மூணு தடவை வீட்டைப் பத்தியே கேட்டாங்கடா."

"சொந்த வீடான்னு நூல் விட்டுப் பார்க்கிறாங்கண்ணே."

"புருஷன் கதையெல்லாம் சொன்னாங்க."

"மனசு விட்டுப் பேசியிருக்காங்க. நல்ல சகுனம்."

"ஆனா சிரிச்சுக்கிட்டிருந்தவங்க சட்டுனு நிறுத்திட்டாங்க."

"வாசனை போட்டீங்களா?"

"ரெண்டு சொட்டு."

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா? காபிக் கடையில காபிதான் மணக்கும். உங்க ரெண்டு சொட்டு யார் மூக்குக்கு எட்டும்? தாராளமா போடுங்கண்ணே. செத்த மூக்கும் எழுந்து உட்காரணும்."

நுரை தொலைபேசியை வைத்தார்.

திங்கட்கிழமை நீலச் சட்டையைக் கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரம்மா காலரைத் தூக்கி முகர்ந்தார். ஒருமுறை முகர்ந்தால் போதும் அவருக்கு. அன்று இரண்டாவது முறையும் முகர்ந்தார். சட்டையை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்தார். அழுக்கே இல்லையே என்று கேலி செய்யவில்லை. டோக்கனைத் தள்ளினார்.

நுரை நகரவில்லை. "வியாழக்கிழமை… காபிக் கடையில கூட்டம் இருக்காதுல்ல?"

கடைக்காரம்மா கல்லாவைப் பூட்டினார். திறந்தார். மறுபடி பூட்டினார். "இருக்காது" என்றார் கடைசியில். "வாங்க."

வாங்க என்றுதான் சொன்னார். ஆனால் அதில் அழைப்பு இருந்ததா, விசாரணை இருந்ததா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார். பெண்களோடு பேசிப் பழகும் கலையை அவர் மறந்துவிட்டாரா, அல்லது எப்போதுமே தெரியாதா? மனைவியோடு அந்தச் சிக்கல் இருந்ததில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தைப் போடும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை மீட்டர் சொன்னபடி தாராளமாகப் போட்டார். காலரில், கழுத்தில், கைக்குட்டையில், போதுமோ போதாதோ என்று மார்பிலும். பேருந்தில் முன் இருக்கையிலிருந்த பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பலன் தெரிகிறது என்று நுரை நினைத்துக்கொண்டார்.

மேசைக்கு இன்னும் நான்கடி இருக்கும்போதே கடைக்காரம்மாவின் முகம் இறுகியது. நுரை உட்கார்ந்தார். இரண்டு காபி சொன்னார். காபி வந்ததும் கடைக்காரம்மா தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உங்களை ஒண்ணு கேட்கணும். நான் உங்களுக்கு எதுக்கு?"

நுரை அப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவே இல்லை. "எதுக்குன்னா… பேச்சுத் துணைக்கு. அப்புறம் பார்க்கலாம்னு…"

"பேச்சுத் துணைக்குத்தான் ஆள் இருக்கே. நல்லா கவனிச்சுக்கிறாங்களே."

"யாரு?"

"அதையும் நானே சொல்லணுமா?" கடைக்காரம்மா எழுந்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நுரைக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் அறுபது வயசுல இன்னொரு வாட்டி காலரை மோந்து பார்த்துக்கிட்டு அழ முடியாதுங்க. நல்லா இருங்க. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

போய்விட்டார். மேசையில் இரண்டு கோப்பைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நுரை ஒன்றைக் குடித்தார். பிறகு மற்றொன்றையும் குடித்தார். ரெண்டு பேரும் என்றால் யார்? அவரும் மீட்டருமா? மீட்டர் கடையில் போய் ஏதாவது உளறிவிட்டாரா? அவரும் மகளுமா? மகளோடு நன்றாக இருப்பதில் என்ன குற்றம்? பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். எதிரே சலவைக்கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. ஒன்று மட்டும் தெரிந்தது. காரணம் தெரியாமலே கடைக்காரம்மாவை இழந்துகொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வழக்கம்போலக் காய்கறிப் பையைச் சமையலறையில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்க அவர் அறைக்குள் போனாள். உள்ளே சத்தமே இல்லை. நுரை எட்டிப் பார்த்தார். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை போட்ட வெள்ளைச் சட்டை அவள் முகத்தில் இருந்தது. தோள்கள் குலுங்கின.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

அவள் சட்டையை இறக்கினாள். கண்கள் நனைந்திருந்தன. சிரிக்கவும் செய்தாள். "அம்மா வாசனைப்பா. கதவைத் திறந்ததும் அம்மாவே நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

நுரை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

மகள் குளியலறைக்குப் போய்ப் பாட்டிலோடு வந்தாள். "இதைத்தான் போட்டிருக்கீங்க. எப்படி அங்கயே விட்டேன் நான்? அம்மா சாமானெல்லாம் எடுத்தப்போ கண்ணுல படல."

"அது என்னோடதுன்னு… நூல் கட்டியிருந்துச்சே."

"நூல் கட்டினதாலதாம்ப்பா அது அம்மாவோடது. உங்களுக்குத் தெரியாதா? அம்மா எதுல நூல் கட்டினாலும் தொடாதேன்னு அர்த்தம். அடுக்களையில சலவைச் சோடா டப்பா, மூட்டைப்பூச்சி மருந்து எல்லாத்துலயும் சிவப்பு நூல்தான் கட்டியிருக்கும். தொட்டா கையை உடைப்பேன்னு சொல்லுவாங்க."

அவள் இருந்தவரை அடுக்களை அலமாரிப் பக்கம் அவர் போனதில்லை. தான் நூல் கட்டினால் எடுத்துக்கொள் என்று அர்த்தம். அவள் நூல் கட்டினால் விட்டுவிடு என்று அர்த்தம். ஒரே நூல் ஒரே வீட்டில் இத்தனை வருடம் இரண்டு பாஷை பேசியிருக்கிறது. அவருக்கு இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. சர்க்கரை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தது. விருந்தாளி யாராவது என்று கேட்டது. ரெண்டு பேரும் நல்லா இருங்க.

"தெரியாம எடுத்துட்டேம்மா."

மகள் அவர் கையைப் பிடித்தாள். "அம்மா வாசனை உங்களுக்குத் தெரியாமலா? எங்கிட்ட என்னப்பா வெட்கம்? நினைப்பு வந்தா வாய்விட்டுச் சொல்லுங்க. தனியா சட்டையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்த அந்த நிம்மதியைப் பார்த்து விழுங்கிவிட்டார். பாட்டிலை அவள் தன் பையில் வைத்துக்கொள்வதற்கு முன், ஒருமுறை கொடு என்று வாங்கினார். மூடியைத் திறந்து மூக்கின் அடியில் வைத்து ஆழமாக இழுத்தார். மூக்கின் உள்ளே சில்லென்று ஒரு குளிர்ச்சி ஏறியது. அவ்வளவுதான். மகளுக்குக் கதவைத் திறந்ததும் கிடைத்த அம்மா, பேருந்தில் முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கூடக் கிடைத்தவள், அவருக்குக் கிடைக்கவில்லை.

"நீயே வச்சுக்கோ" என்றார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் போனார். வழக்கம்போலக் குளித்து, வாசனை எதையும் போடாமல், போடவில்லை என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டு போனார். உள்ளே நீராவிக் கொதிகலன் பக்கத்தில் யாரோ குனிந்திருந்தார்கள். வருடாந்தரச் சோதனை. நிறுவனத்தின் காக்கிச் சட்டை. மீட்டர்.

"அட, அண்ணே!" மீட்டர் தூரிகையை ஆட்டினார். சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது. பக்கத்திலேயே சிவப்பு நூல்கண்டு. "கவலைப்படாதீங்க, நான் இங்க இல்லைன்னு வச்சுக்கோங்க." சொல்லிவிட்டுக் கொதிகலனுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார்.

மீட்டருக்கு ஒன்று தெரிந்தால் மாலைக்குள் நிறுவனத்துக்கே தெரியும். நுரை திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் கடைக்காரம்மா அவருடைய நீலச் சட்டையை மேசையில் வைத்தார். மடிப்பு கத்தி போல இருந்தது.

"உங்க சட்டை. காசு வேண்டாம். இனிமே வேற கடை பார்த்துக்கோங்க."

"ஏங்க, நான் ஒரு விஷயம் சொல்லணும். எங்க வீட்டுல யாரும் இல்லை. சத்தியமா இல்லை. நான் போட்டுக்கிட்டு வந்தது என் வீட்டுக்காரியோட பாட்டில். செத்துப் போனவளோட பாட்டில்."

கடைக்காரம்மாவின் கை சட்டையின் மேல் நின்றது. ஒரு கணம் அவர் முகம் இளகுவதுபோல இருந்தது. பிறகு முன்பைவிட மோசமானது.

"அவங்க வாசனையைப் போட்டுக்கிட்டா என்னைப் பார்க்க வந்தீங்க?"

"இல்ல, அப்படி இல்ல…"

"ரெண்டு வியாழக்கிழமையும்? முதல் நாள் கொஞ்சம், ரெண்டாம் நாள் குளிச்சிட்டு வந்த மாதிரி? உயிரோட ஒருத்தி இருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. எதிர்ல நான் உட்கார்ந்திருக்கேன், நீங்க மூக்குல அவங்களை வச்சுக்கிட்டுக் காபி குடிச்சிருக்கீங்க. அவங்களை மறக்க முடியலைன்னா அது தப்பில்லைங்க. நான் எதுக்கு நடுவுல?"

"எனக்குத் தெரியாது. அது அவளோடதுன்னு தெரியாம போட்டேன்."

"தெரியாம?"

"பாட்டில் ரெண்டும் ஒரே மாதிரி. நூல் கட்டியிருந்தது என்னோடதுன்னு நினைச்சேன்."

"நூலைப் பார்த்தா ஆளுங்க வாசனையைக் கண்டுபிடிப்பாங்க? மூடியைத் திறந்தா தெரியாதா? முப்பது, நாப்பது வருஷம் கூட இருந்தவங்க வாசனை. என்னை விட்டுட்டுப் போன ஆளோட வாசனையே எனக்கு இன்னும் மறக்கல. பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருந்துற மாதிரி சொல்லுங்க."

கொதிகலனுக்குப் பின்னால் தூரிகைச் சத்தம் நின்றுவிட்டது.

நுரை அந்தப் பக்கம் பார்த்தார். மீட்டரின் காலணிகள் மட்டும் தெரிந்தன. குழாயின் வளைவில் வெள்ளையாகச் சோப்பு தடவியிருந்தது. குமிழி இல்லை. அதற்கு முந்திய இணைப்பில் ஏற்கெனவே ஒரு சிவப்பு முடிச்சு. தான் கற்றுக்கொடுத்த முடிச்சு. மேடையில் மேலாளர் சொன்னது, கைதட்டல், முதல் வரிசையில் தலைப்பால் வாயை மூடிக்கொண்டவள். வாயைத் திறந்தால் அதெல்லாம் இன்று மாலைக்குள் வேறு கதையாகிவிடும். திறக்காவிட்டால் நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அவர் சட்டையை எடுக்கவில்லை.

"பதில் சொல்லுங்க" என்றார் கடைக்காரம்மா. "மூக்கு இருக்குல்ல உங்களுக்கு?"

மீட்டரின் தலை கொதிகலனுக்கு மேல் மெல்ல எழுந்தது. கையில் தூரிகை. நுரை இருவரையும் பார்த்தார். பிறகு கடைக்காரம்மாவை மட்டும் பார்த்தார்.

"மூக்கு இருக்கு" என்றார். "வாசனைதான் தெரியாது. முப்பத்தாறு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாதுங்க. கேஸ் வாசனையும் சேர்த்துத்தான்."